மாட்டைப் பார்த்து வைத்த மூன்று வெடி

மூன்றாவது வெடியும் அதிர்ந்து அடங்குகிறது. எலப்புள்ளி ஊரே ஓடுகிறது. இடுப்பில் பிள்ளை, தலையில் அரிசி மூட்டை. "ஆத்துக்கு ஓடுங்க! வந்துட்டாங்க!" யாரும் வரவில்லை. அது எனக்கு மட்டும் தெரியும்.

1921, ஆவணி. காலை எட்டு மணி இருக்கும். மேற்கே ஏறநாட்டில் முஸ்லிம் குடியானவர்களின் கலகம். நான் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். தினமும் பத்திரிகையை உரக்கப் படித்து ஊரைப் பயமுறுத்தியவன். கோவில் திருவிழாவுக்கு வைக்கும் கதினா வெடியைக் காவலுக்கு வைக்கச் சொன்னவனும் நான்தான். ஒன்று வெடித்தால் கவனம். மூன்று வெடித்தால் ஓட்டம்.

வைக்கோற்போர்மேல் நிற்கிறேன். மேற்கில் புழுதி. கை காட்டினேன். வெடிக்காரன் வேலன் தீ வைத்தான். அதிர்ந்தது. புழுதி விலகியது. மாடுகள். பின்னால் காசிம் ராவுத்தர், எங்களுக்கு உழவுமாடு கொண்டுவரும் வியாபாரி.

"ஏனுங்க வாத்தியாரே, அடுத்தது வெக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றிருக்கலாம். ஊரே என்னை அண்ணாந்து பார்த்தது. மாட்டைப் பார்த்து வெடி வைத்தவன் என்று சிரிப்பார்கள். "வெய்யி" என்றேன். மூன்றாவதற்கும் அதே சொல்.

ஆற்றில் வெள்ளம். அக்கரை கொச்சி ராஜ்ஜியம். அதுவரை அங்கே அமைதி. எங்கள் வெடி அவர்களுக்குப் பீரங்கியாகக் கேட்டது. ஓடிவந்த எங்களையே கலகக்காரர் என்று நினைத்தார்கள். "ஏறாதே! கரையேறுனா வெட்டுவோம்!" கற்கள் பறந்தன. தோணி கவிழ்ந்தது. பிறகு அக்கரைக் கோவிலில் மூன்று வெடி. அதற்கும் அப்பால், மெல்லியதாக, இன்னும் மூன்று.

காசிம் ராவுத்தர் ஆளில்லாத தெருவில் வந்து நின்றார். "என்னங்க இது, என்னையப் பாத்தா ஓடுனாங்க? நானே உசுருக்குப் பயந்து ஓடியாரனுங்க!" சிரித்தார். "சித்தூருல அண்ணன் கடைக்குப் போறனுங்க. அக்கரையில பயமில்லீங்க."



கலகக்காரன் ஒருவன்கூட எங்கள் ஊருக்கு வரவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. கலகத்தை எல்லை தாண்ட வைத்தவன் நான். வேலனிடம் இதைச் சொல்ல எனக்குப் பல வருஷம் இருந்தது. சொல்லவில்லை. இப்போது அவனும் இல்லை.

போனவை: ஒரு தோணி. ஆற்றில் நான்கு பேர். தோணிக்காரர். வேலனின் மனைவி. அவள் கைக்குழந்தை. என் தங்கை, வயது பதினாறு. அன்று மாலைக்குள் சித்தூரில் ஒரு கடையைக் கலகக்காரன் கடை என்று கொளுத்தினார்கள். உள்ளே காசிம் ராவுத்தரின் அண்ணன்.

ஐந்து பேர்.