மேல்மாடி டைல்ஸ்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நான் பஸ் ஏறிய ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. ஆண்டு எண்பத்தொன்பதோ தொண்ணூறோ. முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"நாலு நாளா நாங்கள் மேல பாத்றூமுக்குள்ள கால் வைக்கிறேல்லை, அக்கா," என்றாள் இளையவள்.

"ஏன், பேய் கீய் நிக்குதோ?" என்று மூத்தவள் சிரித்தாள்.

"பாத்றூம் தரைக்கு டைல்ஸ் பதிச்சனாங்கள் எல்லோ. ஊரில மாதிரி வெள்ளிக்கு வெள்ளி வாளியால தண்ணி ஊத்திக் கழுவினன். டைல்சுக்குக் கீழ வெறும் பலகை எண்டு ஆர் கண்டது? பலகை ஊறி, திங்கட்கிழமை கீழறைச் சீலிங் அப்பிடியே கட்டிலுக்கு மேல விழுந்திட்டுது. நல்லகாலம், பிள்ளை பள்ளிக்கூடத்தில."

மூத்தவளின் சிரிப்பு நின்றது. "ஆர் பதிச்சது?"

"உங்கட வீட்டுக்குப் பதிச்ச அதே ஆள்தான். நீங்கள்தானே அவரைச் சொன்னனீங்கள்."

"விழ முதல் ஏதும் தெரிஞ்சதோ?"

"சீலிங்கில ஒரு மஞ்சள் வட்டம் இருந்தது. நான் பெரிசா எடுக்கேல்லை."

"எங்கட சீலிங்கிலயும் கிடக்கு." அவள் எழுந்துவிட்டாள். "இண்டைக்குக் காலமையும் மேல நாலு வாளி ஊத்திக் கழுவிப்போட்டுத்தான் வாறன். என்ர மனுசன் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து அதுக்குக் கீழதான் படுத்திருக்கிறார்."

பஸ் நிற்கும்வரை அவள் மணிப் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.