எருமைக்கு அடையாள அட்டை

தேத்தண்ணிக்குச் சீனி காணாவிட்டால் சொல்லுங்கள், மகள். நீங்கள் வந்த ஓட்டோ வாசற் படலையில் நின்றதும் நான் பின்கதவுப் பக்கம் போய்விட்டேன். எண்பத்தொன்பதில் பிடித்த பயம், பதின்மூன்று வருடமாகியும் போகவில்லை.

அதற்கு முன்னால் நான் துணிந்த ஆள்தான். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் கிளாக்கராக இருந்தபோது ஆண்டு விழாவுக்குச் சிரிப்பு நாடகம் எழுதினேன். பிறகு வானொலிக்கு எழுதினேன். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் நக்கல் பாட்டுக் கட்டிக் கொடுத்தேன். கடைசியில் மட்டக்களப்பில் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஆசிரியரானேன்.

அதில் 'வாசகர் பகிடி' என்று ஒரு சிரிப்பு மூலை. வருகிற தபாலட்டைகளில் பாதி உப்புச்சப்பில்லாதவை. நாங்களே ஒன்றை எழுதி, யாராவது ஒரு வாசகரின் பெயரையும் ஊரையும் போட்டுவிடுவோம். ஒருவரும் கோபித்ததில்லை.

எண்பத்தொன்பதில் ஒரு வாரம் நான் எழுதியது இது. வீதிக் காவலரணில் எருமைக்கும் அடையாள அட்டை கேட்கிறார்கள். "அது ஒருத்தரையும் காட்டிக் குடுக்காது ஐயா, உங்களுக்கு உதவாது, விடுங்க" என்கிறார் வயற்காரர்.

ஆபத்தான பகிடி என்று தெரியும். கிழித்தெறிய மனம் வரவில்லை. கீழே 'வல்லிபுரம், கரடியனாறு' என்று உங்கள் அப்பாவின் பெயரைப் போட்டேன். ஆறு வருடமாக வாரம் தவறாமல் அட்டை போட்ட மனிதர், சந்தோஷப்படட்டுமே என்று நினைத்தேன். நன்றாகவே சந்தோஷப்பட்டார். ஐந்து பத்திரிகை வாங்கி, தானே எழுதியதென்று வயல் வட்டை முழுக்கக் காட்டித் திரிந்தாராம்.

மூன்றாம் நாள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யாரென்று இப்போதும் சொல்லமாட்டேன், பயம். மறுநாள் உங்கள் அம்மா கண்ணகை பத்திரிகைக் கந்தோருக்கு வந்தார்.

"சேர், அந்த மனிசன் பெருமைக்குச் சொல்லிப்போட்டார். அவருக்கு அப்பிடியெல்லாம் எழுத வராது. அவர் எழுதல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, உசிரோட விட்டிருவானுகள்."

"பாப்பம், நீங்க போங்க" என்றேன்.

அவர் படலை தாண்டுமுன் ஜீப் வந்தது. வல்லிபுரம் அனுப்பிய அட்டை எங்கே என்றார்கள். தேடி எடுக்கிறேன் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். உங்கள் அப்பாவிடமிருந்து முந்தின வாரம் வந்த அட்டையில், கீழே நாலு விரல் இடம் இருந்தது. அதே ஊதா மையில், அதே சாய்ந்த எழுத்தில், என் பகிடியை அங்கே எழுதினேன். மை காயும்வரை ஊதினேன். அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். உங்கள் அப்பா திரும்பி வரவில்லை.

இப்போது என் பகிடிகளைத் தொகுத்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்தப் பகிடி ஏன் என் பெயரில் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். வேறு யாருடைய பெயரில் போடுவது, மகள்? அப்பாவுக்கு அப்படி எழுத வராது என்று உங்கள் அம்மாவே சொன்னாரே.