ஈட்டிக்காரன் ஸ்டாப்பிங்

கரண்ட் போய்விட்டது. இனி மெஷின் ஓடின மாதிரிதான். கிட்ட வந்து உட்காருங்கள். சிரிக்கிறவன் இப்போதே எழுந்து போய்விடட்டும், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இது என் மச்சான் துலுக்கானத்தின் பெரியப்பா மகன் வேம்புலிக்கு நடந்தது.

அறுபத்தெட்டாம் வருஷம். ராத்திரி பதினொன்றரை. பாடி பாக்டரியில் ஷிப்ட் முடித்து வேம்புலி சைக்கிளில் வருகிறான். அம்பத்தூர் தாண்டி ஏரியை ஒட்டி ஒரு ரோடு... ஒரு விளக்கு கிடையாது. தன் ஊர்த் தெருவில் நுழைந்ததும் பின்னால் ஒரு சத்தம். டொக்... டொக்... கம்பு ஊன்றி ஆள் நடக்கிற மாதிரி. திரும்பினால் யாருமில்லை. ஏரிச் சேற்று நாற்றம் மட்டும் குப்பென்று அடித்தது.

அந்த ஊர் ஏரிக்கரை மேல் ஒரு வீரக்கல் இருந்தது. அதில் செதுக்கின ஆளுக்கு வலது கையில் ஈட்டி, இடது கை இடுப்பில். ஈட்டிக்காரன் என்பார்கள். ஊருக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து நிற்பான். காவல்காரன் அப்படித்தானே நிற்பான்?

பக்கத்து ஊரில் கோயில், கூட்டம், பஸ்ஸும் நிற்கும். இந்த ஊரில் எதுவும் நிற்காது. ஊர்த்தலைவர் கஜபதிக்கு அதில் வயிற்றெரிச்சல். கல்லைப் பெயர்த்து ரோட்டோரம் நட்டார். ரோட்டில் போகிறவனுக்கு முகம் தெரியணுமே... அதனால் ஊரைப் பார்க்கத் திருப்பி நட்டார். மேலே வெள்ளி மாதிரி தகட்டில் கவசம் செய்து மூடினார். வந்தது பாருங்கள் கூட்டம்! மாலைக் கடை, பொரிக் கடை. கண்டக்டரே "ஈட்டிக்காரன் ஸ்டாப்பிங் எறங்கு" என்று கத்த ஆரம்பித்தான். ஊருக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். வேம்புலி கேட்ட ராத்திரி அது தெருமுனையில் முதல் வீட்டு வாசலில் நின்றது. விடிந்தால் அந்த வீட்டுக் கிழவர் பிணம். அடுத்த வாரம் இரண்டாவது வீடு. நேற்று வரை கல்லுக்குண்டாக இருந்த குப்பம்மா விறைத்துக் கிடந்தாள்.

மூன்றாவது வீடு வேம்புலியுடையது. உள்ளே பெண்டாட்டி நாகவல்லி, நிறைமாசம். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் முழங்கை வரை. புரண்டு படுத்தாலே கலகலவென்று கேட்கும்.

வேம்புலி கஜபதியிடம் ஓடினான்.

"நைனா, அவன் ஊரக் காக்கறவன். அவன் மூஞ்சிக்கு எதிர நின்னா, நம்மளத்தான் எதிராளின்னு நெனைப்பான். ஏரி பக்கம் திருப்பிடலாம்."

"முதுகப் பாக்கவாடா ஜனம் பஸ் ஏறி வந்துகினு கீது? இப்பதான் ஊருக்கு ஒரு பேரு வந்துகீது. கல்லு மேல கைய வெச்ச, ஒடச்சிடுவேன். போடா!"

ஊரே கஜபதி பக்கம் நின்றது. த்தூ, மனுஷங்களா அவர்கள்?

அன்று ராத்திரி, "நானே வந்து கூப்பிட்டாலும் தொறக்காத" என்று நாகவல்லியிடம் சொல்லி, உள்ளே தாழ்ப்பாள் போடவைத்துவிட்டு, கடப்பாரையோடு போனான். தகட்டை நெம்பிக் கழற்றினான். தீக்குச்சி கிழித்தான்.

கல் வழவழவென்று இருந்தது... ஈட்டிக்காரன் அதில் இல்லை.

தெருப்பக்கம் டொக்... டொக்... முதல் வீட்டைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. நின்றுவிட்டது. பிறகு வளையல் சத்தம், ஒரே ஒரு தடவை.

ஓடினான். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. கதவை உடைத்து உள்ளே போனால் பாய் காலி. தரையெல்லாம் ஏரிச் சேறு.

விடிந்ததும் ஊர் என்ன சொன்னது தெரியுமா? "எவன்கூடவோ ஓடிட்டா." அடப்பாவிகளா, நிறைமாசக்காரி! வேம்புலி கஜபதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கல்லைக் காட்டினான். ஈட்டிக்காரன் திரும்ப வந்து நின்றுகொண்டிருந்தான். இடது கை இடுப்பில் இல்லை. அது இன்னொரு கையைப் பிடித்திருந்தது... முழங்கை வரை வளையல். எல்லாம் கல்.

கஜபதி சுத்தியல் கொண்டுவரச் சொல்லி, தகட்டை வைத்து ஆணி அடித்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் வருகிற நாள்.

வேம்புலி இன்னமும் கடப்பாரையோடு வருவான். ஊரே சேர்ந்து அடித்து விரட்டுகிறது. பஸ் நிற்கிறது, கூட்டமும் வருகிறது. கிட்டப் போய்க் கும்பிடுகிறவர்களுக்குத் தகட்டுக்குப் பின்னால் கலகலவென்று கேட்குமாம்.

"இன்னாபா, தகடு ஆடிகினு கீது. இன்னொரு ஆணி அடிங்கபா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.