காருக்கு முன்னாடி நிக்கிறவ

இல்ல தம்பி, இன்னும் கிடைக்கல. அதோ, காருக்கு அடியில ரெண்டு பூட்ஸ் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அதுதான் எங்க வீட்டுக்காரர். மத்தியானத்துலேருந்து அப்படியேதான் கிடக்கறாரு. ஆயில் எங்கேருந்து ஒழுகுதுன்னு பாக்காம வரமாட்டாராம். சாப்பிடக் கூப்பிட்டேன், அப்புறம்னாரு. தண்ணியாவது குடிங்கன்னேன், டார்ச் கொண்டான்னாரு. கொண்டுபோய்க் குடுத்தா, இதுல வெளிச்சமே இல்ல, பேட்டரியை மாத்துங்கறாரு. நேத்துதான் தம்பி புது பேட்டரி போட்டேன். யார்கிட்ட போய்ச் சொல்றது?

நிக்காதீங்க, அந்த மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. பந்தயத்துல கடைசி ஜோடியா ஓட எங்க வீட்டுக்காரர் வெர்லினைக் கூப்பிடறதா வேண்டாமான்னு கேக்கத்தானே வந்தீங்க? தெரியும். அந்தக் காலத்துலேருந்தே இவருகூடப் போட்டி போடற ராய்ஸும் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டுப் போயிட்டான். ஓடினா வெர்லின்கூடத்தான் ஓடுவானாம், வேற யாரு பக்கத்துல நின்னாலும் வேண்டாமாம். எழுபத்தாறு வயசுல ரெண்டு பேருக்கும் பிடிவாதத்தைப் பாருங்க. இந்தாங்க, லெமனேட் குடிங்க. நானே பிழிஞ்சது. அந்தக் கடையில விக்கறது வெறும் சக்கரைத் தண்ணி.

நீங்க ஆர்வில் மகன் கென்டல்தானே? காலையிலயே நெனச்சேன். அதே தாடை. உங்க அப்பாவும் நீங்க நிக்கற அதே எடத்துல நின்னுதான் காரையெல்லாம் கிளப்பி விடுவாரு. உங்களுக்கு விளக்குக் கம்பம் இருக்கு, மஞ்சள் மஞ்சளா வந்து பச்சை எரியுது. அவருக்குக் கையில ஒரு கொடிதான். கொடியைத் தூக்கும்போது அவரும் கூடவே ஒரு குதி குதிப்பாரு. ஒருநாள் குதிச்ச குதியில பேன்ட் கிழிஞ்சு, கொடியாலயே மறைச்சுக்கிட்டு நின்னாரு. ரெண்டு காரும் கிளம்பறதா வேண்டாமான்னு தெரியாம உறுமிக்கிட்டே நிக்குது. உங்க வீட்டுல இதைச் சொல்லியிருக்க மாட்டாரு.

இப்ப எங்க தம்பி அதெல்லாம்? காலையிலேருந்து அந்த மைக்குக்காரன் கத்தறான், பழங்காலத்து வீரர்கள் வர்றாங்கன்னு. பழங்காலமாம். நாங்க என்ன மியூசியத்துலேருந்தா இறங்கி வந்தோம்? வெர்லின் பேரையும் சரியாச் சொல்லல, மெர்வின்ங்கறான். ரெண்டு தடவை ஆள் விட்டுத் திருத்தியாச்சு, மூணாவது தடவையும் மெர்வின். வர்றவங்க போறவங்கல்லாம் எங்க ஸ்டூடிபேக்கர் கார் மேல சாஞ்சு நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. கேட்டுட்டுச் சாயணும்னு தோணுதா? சுத்திலும் இருக்கற சோளக்காடு ஒண்ணுதான் மாறாம இருக்கு.

அந்தக் காலத்துல எங்களுக்கு ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் நேரா இங்கதான். வீட்டுக்குப் போய் உடுப்பு மாத்தக்கூட நேரம் இருக்காது. பிள்ளைங்க கர்ட்டும் ஜொலீனும் பின் சீட்டுல, நான் மடியில ப்ளீச் பாட்டிலோட. ஆமா, துணி வெளுக்கற ப்ளீச்தான். பின் டயருக்கு அடியில அதை ஊத்தி, டயரைச் சுத்த விட்டா, சூடேறிப் புகை கிளம்பும். அப்பத்தான் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். ஊத்தறது என் வேலை. ஊதா கவுன் ஒண்ணு வச்சிருந்தேன், ஓரமெல்லாம் தெறிச்சு வெள்ளை வெள்ளையாப் பொட்டு. போதகர் சம்சாரம் அதைப் பாத்துட்டு, புது டிசைனா தெல்மா, எங்க வாங்கினன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்லுவேன்?

போதகருக்கு இது பிடிக்கல, ஞாயித்துக்கிழமையில இதென்னன்னு முகம் சுளிச்சாரு. நான் அவருகிட்ட ஒண்ணுதான் சொன்னேன். ஐயா, இந்தப் பந்தயத்துல எத்தனை செகண்டுல ஓடுவோம்னு நாமளே முன்கூட்டியே கார் கண்ணாடியில எழுதணும். எழுதினதைவிட வேகமா ஓடிட்டா தோத்துப்போவோம். சொன்ன சொல்லை மீறக் கூடாதுங்கற விளையாட்டு வேற எதுங்க ஐயான்னேன். அப்புறம் என்ன? ஒருநாள் அவரே வந்து வேலியோரம் நின்னாரு, ஹாட் டாக் சாப்பிட்டுக்கிட்டு.

அந்த நம்பரைப் பிள்ளைங்க வெள்ளை ஷூவுக்குப் போடற பாலிஷாலதான் எழுதுவோம். இன்னிக்குக் காலையில இவரு எழுதினதைப் பாக்கணுமே. ஒரு நம்பர் மேல இன்னொரு நம்பர். என்னங்க இது, கோழி கிளறின மாதிரின்னு கேட்டேன். கையி நடுங்கிடுச்சுன்னாரு. நடுங்கற கையா அது? நான்தான் துடைச்சுட்டு மறுபடி எழுதினேன்.

இந்த வருஷம் முழுக்க இப்படித்தான் தம்பி என் உயிரை வாங்கறாரு. வீட்டுல பல்பெல்லாம் மங்கலா இருக்குன்னு மாத்தி மாத்திப் போட்டு, ராத்திரி எங்க வீடு பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கு. வாசல்ல தபால் பெட்டியை இடிச்சுச் சாய்ச்சுட்டு, தபால்காரன்தான் சாய்ச்சான்னு அவன்கூட ஒரு சண்டை. இந்தக் காரை ஏத்தின டிரெய்லரைக் கட்டினா ட்ரக்கை என்னைத் தொடவே விடமாட்டாரு, கல்யாணமானதுலேருந்து. இப்ப இடுப்பு வலியாம், நீ ஓட்டுன்னு சாவியைக் குடுத்தாரு. அந்த இடுப்போட காருக்கு அடியில மட்டும் படுக்க முடியுது.

அதைவிட எனக்கு ஆத்திரம் எது தெரியுமா? என் முகத்தைப் பாத்தே பேசறதில்ல. காதைப் பாத்துப் பேசறாரு. இல்லேன்னா தோளுக்குப் பின்னால யாரோ நிக்கற மாதிரி அங்க பாத்துப் பேசறாரு. நான் நகர்ந்து அவரு கண்ணுக்கு நேராப் போய் நிப்பேன். உடனே கண்ணை வேற பக்கம் திருப்பிக்குவாரு. என்னதான் மறைக்கறீங்கன்னு கேட்டுட்டேன் ஒருநாள். பொண்ணு ஜொலீன்கிட்ட போன்ல சொல்லி அழுதேன், உங்கப்பாவுக்கு என்னைப் பாக்கப் பிடிக்கலடின்னு. அவ சிரிக்கறா. இந்த வயசுல அப்பாவை யாரும்மா கொத்திக்கிட்டுப் போகப் போறாங்கன்னு. மகன் கர்ட்டைக் கேட்டா, அந்தக் காரை வித்துத் தொலைங்க, எல்லாம் சரியாயிடும்னு ஒரே பாட்டு. வரவும் மாட்டான், வந்து பாக்கவும் மாட்டான்.

என்னது? ஆமாமா, கார்தான் முக்கியம், காருக்கு வர்றேன்.

உங்களுக்குத் தெரியாததில்ல. டயரைத் தேய்ச்சுக்கிட்டு கார் கிளம்பற கோட்டைத் தாண்டி முன்னால போயிடும், அப்புறம் ரிவர்ஸ்ல திரும்பி வரணும். டயர் போட்ட அதே கறுப்புத் தடத்து மேலேயே வரணும், இல்லேன்னா பிடிப்பு இருக்காது. உள்ள இருக்கறவர் பெல்ட்டும் ஹெல்மெட்டுமா திரும்ப முடியாம உக்காந்திருப்பாரு. அதனால காருக்கு முன்னாடி ஒரு ஆள் நிக்கணும். அந்த ஆள் தடத்தைப் பாத்து, கையை இப்படி, அப்படின்னு காட்டக் காட்ட, அவரு பின்னால போவாரு. அப்பத்துலேருந்து எங்க காருக்கு முன்னாடி நிக்கிறவ நான்தான். கனம் குறையணும்னு பின்னால பாக்கற ரெண்டு பக்கத்துக் கண்ணாடியையும் கழட்டிப் போட்டுட்டாரு மனுஷன். ராய்ஸ் கேட்டான், கண்ணாடி இல்லாம எப்படிடா ஓட்டறன்னு. தெல்மா நிக்கறால்ல, கண்ணாடி எதுக்குன்னாரு. அதைக் கேட்டு ராய்ஸ் பொண்டாட்டி ஒரு வாரம் ராய்ஸ்கூடப் பேசல.

ஒருநாள் காத்தே இல்லாம புகை அப்படியே நின்னுபோச்சு. எனக்கு காரோட மூக்கு மட்டும்தான் தெரியுது. அவருக்கு என் வெள்ளைக் கையுறை மட்டும்தான் தெரிஞ்சுதாம், ரெண்டு புறா பறக்கற மாதிரின்னாரு அப்புறம். அதைப் பாத்துக்கிட்டே வந்து தடத்துல ஒரு விரல்கூட விலகாம நிறுத்தினாரு. எப்பவும் நிறுத்திட்டு ஒரு தடவை தலையாட்டுவாரு. நான் ஓரமாப் போய், ஆண்டவரே, போற மாதிரியே திரும்பிக் கொண்டுவந்து சேத்துடுங்கன்னு சொல்லுவேன். அவ்வளவுதான் என் ஜெபம். ஒவ்வொரு தடவையும் அதேதான். கர்ட் பொறக்க ஒரு மாசம் இருக்கும்போதும் நின்னேன். உங்க அப்பா மயங்கிடப் போறாரு போல முழிச்சாரு.

காருக்கு முன்னாடி நிக்கறவளுக்கு இன்னொரு உரிமையும் உண்டு. ஆயில் ஒழுகறதைப் பாத்தா, ரெண்டு கையையும் குறுக்கே போடணும். போட்டா ஏன் எதுக்குன்னு கேக்காம எஞ்சினை நிறுத்திடணும். ஒழுகின ஆயில்ல டயர் பட்டா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். நான் கையைப் போட்டது அந்தக் காலத்துலேயே ரெண்டோ மூணோ தடவைதான். அடுத்த நிமிஷம் எஞ்சின் ஓஞ்சிருக்கும். அதுல இவரு என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டதே இல்ல.

இன்னிக்கும் போட்டேன். நீங்கதான் பாத்தீங்களே.

ஆனா எஞ்சினை அவரா நிறுத்தல, கென்டல். நான் கையைப் போட்டுக்கிட்டு அவரு மூஞ்சிக்கு நேரா நிக்கறேன், கார் பாட்டுக்குப் பின்னால போகுது. நீங்கதான் ஓடிப்போய்க் கதவைப் படபடன்னு தட்டினீங்க. அப்புறம்தான் நிறுத்தினாரு. உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?

முதல்ல எனக்கும் தோணல. இடது பக்கம் வாங்கன்னு காட்டறேன், நேராப் போறாரு. மறுபடி காட்டறேன், தடத்தை விட்டு விலகிட்டாரு. ஹெல்மெட்டுக்குள்ள அவரு கண்ணைப் பாத்தேன். வேலியைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. சரி பாப்போம்னு ரெண்டு கையையும் கீழ தொங்கப் போட்டேன். ஒரு விரலைக்கூட அசைக்கல தம்பி, சும்மா நின்னேன். அவரு சரி சரின்னு எனக்குத் தலையாட்டிக்கிட்டே பின்னால போறாரு.

எங்க சர்ச்சுல ஆர்கன் வாசிக்கற ஹெல்காவுக்கும் கண்ணுல இதேதான் வந்துச்சு. பாக்கற பொருள் மேல நடுவுல கறுப்பா ஒரு பொட்டு நிக்குமாம், ஓரம் மட்டும் தெரியுமாம். ஒருத்தர் முகம் தெரியணும்னா அவரு முகத்தைப் பாக்கக் கூடாதாம், பக்கத்துல எங்கேயாவது பாக்கணுமாம். அவ சொல்லும்போது கேட்டு, பாவம்னு சொல்லிட்டுக் கேக் வெட்டிக் குடுத்தேன். வீட்டுக்கு வந்து இவருகிட்ட, ஏன் என் காதைப் பாக்கறீங்கன்னு சண்டை போட்டேன்.

ஆயில் ஒண்ணும் ஒழுகல தம்பி. ஒரு சொட்டுகூட இல்ல. அந்தக் கார் வயசுப் பொண்ணு மாதிரி இருக்கு. வேற என்ன பண்றதுன்னு தெரியாம கையைப் போட்டுட்டேன். அப்புறம் அவரு அடியில போய்ப் படுத்ததும், இந்த நாற்காலியில உக்காந்து, ஆண்டவரே, எங்கேயாவது ஒரு சொட்டு ஒழுக வச்சிடுங்கன்னு கேட்டேன். பொய்யைச் சொல்லிட்டு அதை நிஜமாக்கிக் குடுங்கன்னு ஜெபம் பண்றவளைப் பாத்திருக்கீங்களா?

நீங்க முழிக்காதீங்க. அவரு வெளிய வந்து, ஒழுகல, ஓடறேன்னுதான் சொல்லப் போறாரு. பக்கத்து ரோட்டுல ராய்ஸ் இருப்பான், வேலியோரமெல்லாம் குழந்தைங்க. உங்க கண்ணு தெரியலங்கன்னு இத்தனை பேரு முன்னாடி நான் அவருகிட்ட எப்படிச் சொல்றது? வீட்டுல போய்ச் சொல்லிக்கறேன், இன்னிக்கு மட்டும் நீங்க ஒரு உதவி பண்ணுங்க. கடைசி ஜோடி கிடையாதுன்னு சொல்லிடுங்க. விளக்குக் கம்பம் ரிப்பேர்னு சொல்லுங்க. என்னத்தையாவது சொல்லுங்க, உங்க அப்பாவா இருந்தா எனக்காகச் சொல்லியிருப்பாரு.

இருங்க. பூட்ஸ் அசையுது. வர்றாரு.

என்னங்க, கிடைச்சுதா?

கிடைச்சுதாம் கென்டல். கியர் பெட்டி மேல விரிசலாம், கையளவு நீளமாம். இதை ஒட்டவைக்க முடியாதாம், இனிமே இந்தக் காரை ஓட்டறதுக்கே இல்லைங்கறாரு. ராய்ஸ்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடணுமாம், இவரு சொன்னா கேலி பண்ணுவானாம். நல்லவேளை தெல்மா பாத்தாளாம்.

ஆமாங்க, நான் பாத்தேனே. சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. கையைத் துடைச்சுக்கிட்டு வாங்க, சாண்ட்விச் காஞ்சுபோகுது.

தம்பி, மெல்லப் பாருங்க. அவரு கையில இருக்கற துணி. ஆயில் துடைக்கன்னு காலையில நான் மடிச்சுக் குடுத்தது. மடிப்புக்கூடக் கலையல, வெள்ளையாவே இருக்கு.

போறீங்களா? சரி, போங்க. லெமனேட் டம்ளரை அப்படியே வையுங்க. இவரைப் பாத்தீங்களா, இந்தப் பக்கம் திரும்பி என் காதைப் பாத்துச் சிரிக்கறாரு. நான் நகராம நிக்கறேன்.