லூபாவின் சம்பளம்

— அதை மட்டும் கேக்காத, ஓரஸ்ட். வேற எது வேணா கேளு.

— வருஷத்தோட கடைசி நாளு, மத்தியானமும் ஆச்சு. வேற எதைக் கேக்கறதாம், பென்னரே? என் பொண்டாட்டி கணக்குல கிடக்கிற என் பணத்தை எடுக்கலாமான்னுதான கேட்டேன்? பக்கத்து வீட்டுக்காரி கணக்குலயா கை வைக்கிறேன்?

— 'என் பணம்'ங்கற பாரு, அங்கதான் இடிக்குது. சட்டப்படி பார்த்தா அது லூபாவோட சம்பளம்.

— சம்பளமாவது ஒண்ணாவது! வரியைக் குறைக்க, என் கணக்கைப் பாக்கற ஆடிட்டரா நீ சொன்ன வழிதான இது? "ஒர்க்‌ஷாப் லாபம் பூரா உன் பேர்லயே வந்தா வரிக்காரன் தீட்டிருவான். பாதியை லூபாவுக்குச் சம்பளமா குடு, செலவுன்னு காட்டி வரியில கழிச்சுக்கலாம்"னு இதே நாற்காலியில உக்காந்து சொல்லல?

— சொன்னேன். நிஜமாவே வேலை செய்யணும், காசு நிஜமாவே அவங்க கைக்குப் போகணும்னும் சொன்னேன். இப்ப நீ திருப்பி எடுத்தா, "ஓஹோ, இத்தனை வருஷமும் நாடகமா"ன்னு வரி ஆபீஸ்காரன் பழசையெல்லாம் தோண்டுவான். வரி, வட்டி, அபராதம்.

— அட என் கர்த்தரே! லூபா, நீயாவது சொல்லேன். வந்ததுலேர்ந்து அந்த டோனட்டையே பிச்சுக்கிட்டு இருக்க.

— நான் என்னத்த சொல்ல, முதலாளி? சம்பளக்காரி வாயைத் திறக்கலாமா?

— பார்த்தியா பென்னரே? சம்பளம்னு ஒண்ணைப் போட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இப்படித்தான். காலைல முட்டை வறுக்கறப்பகூட "ரெண்டா, மூணா, முதலாளி?"ங்கறா.

— அது கிடக்கட்டும். ஒர்க்‌ஷாப் கட்டடத்துக்காரன் அப்படி என்னதான் கேக்கறான்?

— யாருன்னு தெரிஞ்சாத்தான! ஹால்வர்சன் கிழவன் கட்டடத்தை வித்துட்டு அரிசோனாவுக்கு வெயில் காயப் போயிட்டான். வாங்கினவனுக்குப் பேரே இல்ல, வெறும் நம்பர்தான் கம்பெனிப் பேரு. ரெஜைனாவுலேர்ந்து ஒரு வக்கீல் போன் பண்றான். மூணு மாச வாடகை முன்பணம், இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள. இல்லன்னா காலி பண்ணிக்கோன்றான். அது போதாதுன்னு, சுவத்துல இருக்கிற நீச்சலுடைப் பொம்பள காலண்டரைக் கழட்டணுமாம். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் போடணுமாம்!

— விவரமான ஆளு போல.

— நீ சும்மா இரு, லூபா. எந்த வாடிக்கையாளன் போய் வத்தி வெச்சானோ.

— கோவப்படாத ஓரஸ்ட். வேற இடம் பார்க்கக் கூடாதா? நம்ம மூஸ் ஜா ஊர்ல காலிக் கொட்டகைக்கா பஞ்சம்?

— நீ இதைப் பேசாத, பென்னரே! "கையில ரொக்கம் கிடந்தா வரிக்குப் போயிரும், டிசம்பருக்குள்ள மெஷின் வாங்கு, வாங்கினா பத்தாது, ஓட்டியும் காட்டணும், அப்பதான் இந்த வருஷமே கழிச்சுக்கலாம்"னு சொன்னது யாரு? இருந்ததெல்லாம் அந்த வண்டி தூக்குற மெஷினுக்குப் போச்சு. கான்கிரீட்டுல போல்ட் போட்டு இறுக்கி, கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே பாதிரியார் வண்டியத் தூக்கிக் காட்டியாச்சு. இப்ப அதைப் பேத்தா தரையும் சேர்ந்து வரும்.

— கழிச்சுக்கலாம்னு சொன்னது நிஜம்தான்...

— எல்லாத்தையும் கழிச்சாச்சு. மிச்சம் நான் ஒருத்தன்தான்.

— உன் ஓய்வுக்காலச் சேமிப்பு?

— போன வருஷம் அதைத் தொட்டதுக்கே பாதி வெட்டு விழுந்துச்சே, மறந்துட்டியா? போடறப்ப சிரிக்கிறான், எடுக்கறப்ப கடிக்கிறான்.

— அப்ப ஒரே வழி. லூபாகிட்ட கடனா வாங்கு. முறையா எழுதி, வட்டி போட்டு. சட்டப்படி பார்த்தா அதுல தப்பில்ல. அவங்க மனசு வைக்கணும், அவ்ளோதான்.

— என் பொண்டாட்டிகிட்ட, வட்டிக்கு! என் அப்பா இருந்திருந்தா ஸ்பானரைத் தூக்கி அடிச்சிருப்பாரு. சரி, வேற கதி? லூபா, தங்கமே, கடனா குடு. மார்ச்சு வரைக்கும். பனி உருகினா வாடிக்கை வந்துரும்.

— தரேன், முதலாளி. ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. இத்தனை வருஷமா எனக்குச் சம்பளம் குடுத்தியே, நான் என்ன வேலை பார்த்தேன்?

— இது என்ன கேள்வி? பென்னரு பேப்பர்ல எழுதி வெச்சிருக்காரே!

— அவரு வேணாம். நீ சொல்லு.

— போன் எடுப்ப... பில்லு போடுவ. அப்புறம்... காபி. காபி நல்லா போடுவ.

— மைனஸ் நாப்பதுல வண்டிக்கு அடியில நீ கிடக்க, விரல் மரத்துப்போய் டார்ச் பிடிச்சேனே?

— ஆமா, அது...

— கடன் சொல்லிட்டுப் போனவன் வீட்டு வாசல்ல, நாய் குலைக்கக் குலைக்க நின்னேனே? நீ எங்க இருந்த?

— நான் எங்க இருந்தேன்?

— ஐஸ்ல கல்லு தள்ளி விளையாடிக்கிட்டு இருந்த, இதோ இந்தப் பென்னரோட.

— லூபா, என்னை ஏன் இதுல...

— இருங்க பென்னர், வரேன். தாழ்ப்பாள் இல்லாத கக்கூஸ்ல, ஒரு காலை நீட்டிக் கதவுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு உக்காருவேனே முதலாளி, அது எந்த வேலையில சேரும்? எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

— தாழ்ப்பாளா? சே, இன்னைக்கு எல்லாருக்கும் இந்தத் தாழ்ப்பாள்தானா? அந்த வக்கீலும்...

— என்ன ஓரஸ்ட், ஏன் நிறுத்திட்ட?

— ஒண்ணுமில்ல, பென்னரே. கொஞ்சம் தண்ணி குடு.

— லூபா, நான் கேக்கறேனேன்னு நினைக்காதீங்க. கடன் பத்திரத்துல எழுதணும். உங்க கணக்குல இப்ப எவ்வளவு இருக்கும்?

— ஒண்ணும் இல்ல, பென்னர். தொடைச்சு வெச்ச தட்டு மாதிரி இருக்கு. மேல கொஞ்சம் வங்கிக் கடனும் இருக்கு.

— அட என் கர்த்தரே! அவ்வளவு காசும் எங்கடி போச்சு?

— கட்டடத்துக்கு, முதலாளி. தாழ்ப்பாளை இன்னைக்கே போட்டுட்டு வாடகையைக் கொண்டா. கவலைப்படாத, கழிச்சுக்கலாம்.