ஒரே மாத்திரை, இரண்டு சர்க்கரை

தையற்காரி (மனதுக்குள்): ஒரே மாத்திரை. ஒரே பானைச் சோறு. அவருக்குச் சக்கரை தொண்ணூத்தெட்டு, எனக்கு இருநூத்துப் பன்னெண்டு. மெஷின் முன்னாடியே உக்காந்து கிடக்கிறதாலயா? இல்ல, நான்தான் ஏதோ தப்பு பண்றேனா? என்ன தப்புன்னாவது தெரிஞ்சா...

டிரைவர்: என்னடி, விரலையே பாத்துக்கிட்டிருக்க? டெஸ்ட்டுக்குக் குத்தின இடத்துல ரத்தம் நின்னு எவ்வளவு நேரமாச்சு.

தையற்காரி: தினம் ஊசி குத்துற விரல்தாங்க. இன்னிக்குத்தான் வலிக்குது.

டிரைவர்: சரி, இந்தா என் மாத்திரை கார்டு. சட்டுனு டிக் போடு. கூப்பிட்டுடுவாங்க.

தையற்காரி: போடுறேன்... ஏங்க, சிஸ்டர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?

டிரைவர்: எது?

தையற்காரி: உடம்புல இன்சுலின் இருக்காம். ஆனா அதோட பேச்சை உடம்பு கேக்கலையாம்.

டிரைவர்: நம்ம வீடு மாதிரி.

தையற்காரி: யாரு, யார் பேச்சைக் கேக்கல?

டிரைவர்: டிக் போடு தாயே.

தையற்காரி: அப்புறம், எச்.ஐ.வி. மாத்திரைல சிலது...

டிரைவர்: மெதுவா!

தையற்காரி: வாசல்லயே போர்டு மாட்டியிருக்கு. இங்க உக்காந்திருக்கிறவங்க எல்லாம் பல்வலிக்கா வந்திருக்காங்க?

டிரைவர்: சரி... சொல்லு.

தையற்காரி: சிலது சிலருக்குச் சக்கரையை ஏத்துமாம். போன வருஷம் நமக்கு மாத்துனாங்கல்ல, அதுவா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாமாம். நான் எதைன்னு எடுத்துக்கிறது?

டிரைவர்: திருட்டுத்தனமா சக்கரை டப்பாவைத் திறக்கிறன்னு எடுத்துக்க.

தையற்காரி: டீக்கு மூணு ஸ்பூன் யாருக்கு? எனக்கா? சக்கரை இருந்ததும் உங்க அப்பாவுக்கு. எங்க வீட்ல ஒருத்தருக்கும் கிடையாது. அப்ப உங்களுக்குத்தானே முதல்ல...

டிரைவர்: எனக்கு வரணும்னு வேண்டிக்கிறியா?

தையற்காரி: ஐயோ, வாயைக் கழுவுங்க. ஒண்ணும் புரியாமக் கேக்கறேன்.

டிரைவர்: புரிய வேணாம். இந்தக் கட்டத்துலேருந்து... இதுவரைக்கும். இருபத்திரண்டு டிக்.

தையற்காரி: அவ்வளவா? ஓ... நீங்க வெளியூர் ரூட்டுக்குப் போன நாளா. உங்க கார்டுல நான், என் கார்டுல நீங்க. மாத்திரை முழுங்குறதைக் கண்ணால பாத்துத்தான் டிக் போடணும்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்களே.

டிரைவர்: அதுக்காகப் பஸ்ஸுல ஏறியா வருவ? உன் கார்டுல நான் பாக்காமலே மொத்தத்தையும் போட்டுட்டேன். பாரு. நம்பிக்கைதானே!

தையற்காரி: நம்பிக்கைதான்... பேனா எங்க?

டிரைவர்: என் பையில. இரு, நான் எடுக்கறேன்.

தையற்காரி: பைக்குள்ள கையை விட்டுட்டேன்... பேனா கிடைச்சுது. இது என்ன, இப்படிக் குலுங்குது? உங்க மாத்திரை டப்பாவா?

டிரைவர்: குலுக்காதே.

தையற்காரி: இந்நேரம் என்னோடதுல நாலஞ்சுதானே உருளும்...

டிரைவர்: மூடியைத் திறக்காதேன்னேன்.

தையற்காரி: ஒண்ணு, ரெண்டு, மூணு...

டிரைவர்: எண்ணாதே. உன்னோடதை விடக் கூடுதலா இருக்கிறது அதே இருபத்திரண்டுதான்.

தையற்காரி: ஒரு நாள் கூடவா...?

டிரைவர்: இல்ல.

தையற்காரி: தூக்கியாவது போட்டிருக்கலாம்ல?

டிரைவர்: ரெண்டு தடவை பாலத்து மேல வண்டியை ஓரங்கட்டினேன். கை வரல.

தையற்காரி: ஏங்க... ஏன்?

டிரைவர்: போன மாசம் உனக்குச் சக்கரைன்னு சொன்னாங்கல்ல, இந்த மாத்திரையாலதான் ஏறுதோன்னு அன்னிக்குப் புடிச்ச பயம். அடுத்த மாசம் எனக்கு வேலைக்கான மெடிக்கல் டெஸ்ட். இன்சுலின் போடுற ஆளுன்னு எழுதிட்டா ஸ்டியரிங்கை விட்டு இறக்கிடுவாங்க. எங்கப்பாவுக்குக் காலை எடுத்தாங்களே... நான் கூடவே இருந்து பாத்தவன்டி.

தையற்காரி: உங்களுக்குத்தான் ஏறவே இல்லையே!

டிரைவர்: ஏறிடுமோன்னுதான்...

தையற்காரி: வராத சக்கரைக்குப் பயந்து, வந்த நோய்க்குக் கதவைத் திறந்து விட்டீங்களா? எனக்குத் தலையே சுத்துது.

சிஸ்டர்: டிரைவர் சார், அடுத்தது நீங்க. ரெண்டு பேர் கார்டையும் எடுத்துட்டு வாங்க. அம்மா, உங்க மாத்திரையை மாத்தலாமான்னு டாக்டர் பாக்கப்போறாரு. அதுவரைக்கும் நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க.

தையற்காரி: சரிங்க சிஸ்டர்.

டிரைவர்: கேட்டியா? உனக்கு வழி பண்ணிடுவாங்க. என்னைத்தான் உரிச்சு எடுப்பாங்க. இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன், சத்தியமா. இந்த ஒரு தடவை... டிக்தானே. ஒரு கோடு. என்ன அப்படிப் பாக்கற? உனக்குப் பயமே இல்லையா? இருநூத்துப் பன்னெண்டை வச்சுக்கிட்டு எப்படித் தினம் முழுங்குற?

தையற்காரி: நானும் துப்பினேங்க. போன ஞாயித்துக்கிழமை. நீங்க பாக்காமலே டிக் போட்டிருக்கீங்களே, இதோ, இந்தக் கட்டம். மாத்திரை வாஷ்பேசின்ல கிடந்துது... ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் கழுவி முழுங்கிட்டேன். உங்ககிட்டச் சொல்லத் தெரியல. உள்ள போனதும் அதையும் சொல்லிடறேன்... பேனாவைப் புடிங்க. நான் போடலைங்க.