ஓடாத வண்டிக்கு மைலேஜ்

— இன்னொரு தடவ பாத்துச் சொல்லு திலகா. பைக் மீட்டர்ல பழைய நம்பரேவா நிக்குது?

— அதேதான் மாமா. வேணும்னா போட்டோ எடுத்து அனுப்புறேன்.

— இங்க சார்ஜாவுல கம்பெனி வேன் அம்புட்டுக்கும் கொயரி எழுதிட்டேன், கரெக்டா வருது. நம்ம வீட்டு பைக்குக்கு மட்டும் மைலேஜ் சைபர்ங்குது.

— கொயரின்னா?

— டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்குறது. ஓடுன கிலோமீட்டர ஊத்துன பெட்ரோலால வகுத்துச் சொல்லும்பேன், சொல்லும். பழகிப் பாக்கத்தான் லிட்டரையும் மீட்டரையும் ஒன்னய வாட்ஸப்புல போடச் சொன்னேன்.

— ஒழுங்காத்தானே போட்டேன்.

— போட்ட. பாட்டில் பாட்டிலா ஊத்திருக்க, வண்டி நகரவே இல்ல. என் தம்பி உருவிக்கிறானா?

— பாவம், அவரு மேல பழி போடாதீங்க. கடையில வாங்கியாந்து குடுக்குறதே அவருதான்.

— அப்ப டேங்கு ஒழுகுது. கீரமங்கலத்துல ஒருத்தரு வண்டி கேட்டுக்கிட்டே இருக்காரு. நாளைக்கே குடுத்துருவோம்.

— குடுக்காதீங்க மாமா.

— ஓட்டத் தெரியாதவ அத வச்சு என்னடி செய்யப்போற?

— ஸ்டார்ட் பண்ணத் தெரியும்.

— பண்ணி?

— பொழுது சாய வாசல்ல வச்சு செத்த நேரம் முறுக்குவேன். முன்ன ஆலங்குடியில வேலை முடிஞ்சு நீங்க வருவீங்கள்ல, அந்த மாதிரி. அந்தச் சத்தங் கேட்டாத்தான் பாப்பா சோத்துல கைய வைக்கிறா.

— அப்பா எங்கன்னு கேக்க மாட்டாளா?

— கேப்பா. வந்துட்டு அங்கிட்டு தோப்புக்குப் போயிருக்காரும்பேன். தின்னுட்டுத் தூங்கிரும்.

— கொல்லுறியே புள்ள. டேட்டாபேஸுல நீ போட்ட பெட்ரோல் கணக்கு வரியெல்லாம் தப்புன்னு அழிக்க இருந்தேன்.

— அழிச்சுராதீங்க.

— இல்ல, அழிக்கல. இரு, தேதி பாக்குறேன். பாப்பா பரீட்சை லீவுக்கு மீமிசல் போயிட்டான்னு சொன்னியே, ஒங்க அக்கா வீட்டுக்கு?

— ஆமா. பள்ளிக்கூடம் தொறந்தாத்தான் வருவா.

— அப்புறம் எப்படி நேத்தும் பெட்ரோல் ஊத்திருக்க?

— தீந்துபோச்சு, ஊத்துனேன்.

— பாப்பாவே இல்லயேடி. யாரு கேக்குறதுக்கு ஸ்டார்ட் பண்ணுற?

— எனக்கும் சோறு எறங்கணும்ல மாமா.